மூன்றாம் புத்தகத்தில் தாங்கி ஓடவில்லை

அன்புத் தம்பிக்கு,

அண்ணன் எழுதுகிறேன். இங்கே நான், உன் அண்ணி, அவளுடைய தையல் மெஷின் மூவரும் ஏதோ ஓடிக்கொண்டிருக்கிறோம். அங்கே நீயும் உன் மனைவியும் அவள் வயிற்றில் இருக்கிற குட்டியும் எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்கவே இந்த முறை கொஞ்சம் பயமாக இருக்கிறது, இருந்தாலும் கேட்கிறேன். என் முழங்கால் இன்னும் மடங்க மறுக்கிறது, லிஃப்ட் மோட்டார் ரூமுக்கு ஏணி ஏறி இறங்கினால் சாயங்காலம் வீங்கிவிடுகிறது, அண்ணி எண்ணெய் தேய்த்துக்கொண்டே ஊருக்கெல்லாம் லிஃப்ட் ஓட வைக்கிற ஆளுக்குத் தன் கால் ஓடமாட்டேங்குது பாரு என்று சிரிக்கிறாள். அங்கே உன் மனைவியை வாளி தூக்க விடாதே, மாத்திரையை வேளைக்குக் கொடு, டாக்டர் சொல்வதையெல்லாம் ஒரு நோட்டில் எழுதி வை, நம் இருவருக்கும் பதற்றத்தில் காது அடைத்துக்கொள்ளும்.

உன் கடிதம் வந்தது. குழந்தையின் இதயத்தில் ஓட்டை, பிறந்த வாரமே ஆபரேஷன் என்று இரண்டே வரி. அதற்குக் கீழே ஒரு பக்கம் முழுக்க நீ நான்கு மாதக் கப்பல் வேலைக்குப் பெயர் கொடுத்த கதை. அவளுக்கு அவள் அம்மா இருக்கிறார், நான் கூட நின்றாலும் கடைசி நிமிஷத்தில் ஓடிவிடுவேன், அதற்கு முன்பே போய்விட்டால் மரியாதையாக இருக்கும், அப்பா போன அன்றைக்கே தெரிந்த விஷயம்தானே, நான் அந்தக் கதைப் புத்தகத்தில் ஓடிப்போன தாங்கி ரகம் என்று எழுதியிருக்கிறாய். கப்பல் விஷயத்தை அவளிடம் இன்னும் சொல்லவில்லை என்று வேறு. படித்ததும் உன்னைக் கன்னாபின்னாவென்று திட்டி ஒரு கடிதம் எழுதினேன், அண்ணி வாங்கிப் பார்த்துவிட்டு இதை அனுப்பினா அவன் நாளைக்கே கப்பல் ஏறிடுவான் என்று கிழித்துப் போட்டாள். போனில் பேசினால் நீ பாதியில் வைத்துவிடுவாய், அதற்குள் நான் கத்தியிருப்பேன். அதனால் பொறுமையாக எழுதுகிறேன், எனக்கு அது எவ்வளவு வரும் என்று உனக்கே தெரியும்.

போன செவ்வாய்க்கிழமை ஒரு குழந்தை டாக்டரின் கிளினிக்கில் லிஃப்ட் நின்றுவிட்டது. மோட்டாருக்குக் கரண்ட் விடுகிற கான்டாக்டர் சுவிட்ச் எரிந்துபோயிருந்தது, புதுசு வர மூன்று மணி நேரம் ஆகும் என்றார்கள். காத்திருக்கும் அறையில் உட்கார்ந்து, குழந்தைகள் கிழித்துப் போட்ட புத்தகக் குவியலைச் சும்மா புரட்டினேன். நடுவில் சின்ன வயதில் நாம் படித்த ஐவர் படைக் கதை. சுரங்கக் கதை, மூன்றாம் பாகம். நம்மிடம் ஒன்று, இரண்டு, நான்கு மட்டும்தான் இருந்தது, நினைவிருக்கிறதா. யாரிடம் கேட்டாலும் அப்படி ஒரு படையா என்பார்கள், அவ்வளவு பிரபலம். டூல் பாக்ஸ் மேல் உட்கார்ந்து அங்கேயே படித்தேன். ரிசப்ஷனில் இருந்த பெண், சார், உங்களுக்கு இன்னும் டோக்கன் போடலையா என்று கேட்டுச் சிரித்தாள். புத்தகத்தை எடுத்துக்கொள்ளலாமா என்றேன், தாராளமா எடுத்துட்டுப் போங்க, மீதியைக் குழந்தைங்க கிழிக்கறதுக்குள்ள என்றாள். இந்தக் கடிதத்தோடு வைத்திருக்கிறேன்.

இரண்டாம் பாகத்தின் கடைசியில் சுரங்கம் இடிகிறது, ஐந்து பேரும் உள்ளே இருக்கிறார்கள். நான்காம் பாகம் தொடங்கும்போது நான்கு பேர். கூரையைத் தோளில் தாங்கிப் பிடித்த கொல்லன் நசுங்கிக் கிடந்து கத்துகிறான், அடுத்தவர் வலியைத் தொட்டு வாங்கிக்கொள்கிற தாங்கி மட்டும் காணோம். தாங்கி எங்கே என்று நீ என்னைப் பிய்த்து எடுத்தாய். எனக்கு எப்படித் தெரியும், பயந்து ஓடிட்டான் என்று ஒரு மூன்றாம் பாகத்தை நானே கட்டிவிட்டேன். நான்காம் பாகத்தின் கடைசிப் பக்கத்தில் அவன் திரும்பி வரும்போது கையில் ஏன் கட்டு என்று கேட்டாய், ஓடறப்ப விழுந்துட்டான் என்றேன். அதைத்தான் நீ இன்றுவரை கதை என்று வைத்திருக்கிறாய்.

உண்மையான மூன்றாம் பாகத்தில் அவன் ஓடவில்லை. கொல்லனின் வலியை வாங்கினால் இந்தச் சின்னப் பையன் செத்துவிடுவான் என்று படையின் தளபதி தானாகவே முடிவு செய்கிறான், யாரையும் கேட்கவில்லை. தாங்கியைச் சுரங்க லிஃப்டின் இரும்புப் பெட்டியில் தள்ளிப் பூட்டி மேலே அனுப்பிவிடுகிறான். வெளியிலிருந்து மட்டும் திறக்கிற கதவு, எந்த லிஃப்ட் இன்ஸ்பெக்டரும் அதைப் பாஸ் பண்ணமாட்டான். அந்தக் கதவைக் குத்திக் குத்தித்தான் அவன் கை கிழிகிறது. கீழே மற்றவர்கள் கேட்கும்போது தளபதி, ஓடிட்டான் என்கிறான். காத்திருக்க மாட்டார்கள், தேட மாட்டார்கள், வேலை நடக்கும். பையனைக் காப்பாற்றியதாகத்தான் அவன் நினைப்பு. அதனால்தான் நான்காம் பாகத்தில் கொல்லன் கையைப் பிடிக்க ஆள் இல்லாமல் கத்திக் கத்திச் சாகிறான்.

இதைப் படித்துவிட்டு என்னால் எழுந்து போய் வேலை பார்க்க முடியவில்லை. அப்பா போய் ஒரு மாதம் இருக்கும், எனக்கு டிப்ளமோ பரீட்சை, ஒரு மத்தியானம் மேஜையடியில் அந்த நான்காம் பாகத்தோடு படுத்திருந்த நீ, அண்ணா, நானும் அப்படித்தானே ஓடிட்டேன் என்று கேட்டாய். ஆறு வயது உனக்கு. தலையைத் தூக்காமல், ஆமாடா, விடு, படிக்கணும் என்றேன். நீ அதை விடவே இல்லை என்பது உன் கடிதம் வந்த பிறகுதான் எனக்கு உறைக்கிறது. எந்த மெஷினிலும் பழுதை உறுதி செய்யாமல் பாகத்தை மாற்றமாட்டேன். உன் விஷயத்தில் மட்டும் பார்க்காமலே ரிப்போர்ட் எழுதிக் கொடுத்தேன்.

நடந்தது இது. அப்பாவுக்கு மூச்சு இழுக்க ஆரம்பித்ததும் நீ அதைப் பார்க்கக் கூடாது என்று முடிவு செய்தவன் நான். அத்தை வீட்டுக்குப் போகிற பஸ்ஸில் ஏற்றிவிட உன்னைத் தூக்கினேன். ஆஸ்பத்திரி மாடிப்படிக் கம்பியை நீ இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாய். எனக்குப் பதினெட்டு வயது, உன் விரலைப் பிரிக்க என்னால் முடியவில்லை, வாட்ச்மேன் வந்து உதவினார், குழந்தைக்கு இவ்ளோ பலமா என்று அவர் சொன்னது இன்னும் கேட்கிறது. நீ நிற்கத்தான் பார்த்தாய். நான் மேலே போனதும் அப்பா, சின்னவன் எங்கே என்று கேட்டார். தூங்கறான்பா என்றேன். கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் கேட்டார். அதையும் உன்னிடம் மறைத்தேன்.

பதினெட்டு வருஷமாக உன் மார்க்‌ஷீட்டில் அப்பா இடத்தில் கையெழுத்துப் போட்டவன், கல்யாணத்தில் அப்பா இடத்தில் நின்றவன், இதைச் சொல்லாமல் இருந்தேன். எனக்கு மன்னிப்புக் கேட்கத் தெரியாது, அண்ணிக்குத் தெரியும், அவள் சொல்லித்தந்தபடி எழுதினால் நாடகம் மாதிரி இருக்கிறது. தப்பு என்னுடையது. அந்தத் தப்பை நம்பிக்கொண்டு நீ அவளை ஆபரேஷன் தியேட்டர் வாசலில் தனியாக விட்டுவிட்டுப் போகக் கூடாது. பயப்படு, பரவாயில்லை, பயந்துகொண்டே நில்.

நீங்கள் மூவரும் நன்றாக இருக்க வேண்டும். அந்தக் குட்டி இதயம் தைத்துக்கொண்டு நூறு வருஷம் அடிக்கட்டும். இதைப் படித்து முடித்ததும் முதலில் ஆபீஸுக்குப் போன் போட்டுக் கப்பலில் இருந்து பெயரை எடு. அடுத்து அவளிடம் எல்லாவற்றையும் சொல். அதற்கப்புறம் என்னைக் கூப்பிட்டு எவ்வளவு திட்ட வேண்டுமோ திட்டு, குறுக்கே பேசமாட்டேன். வரிசை மாறக் கூடாது.

இப்படிக்கு,
உன் விரலைப் பிரித்த அண்ணன்