மெர்சி அக்காவுக்குக் கொடுக்காத சமாதானம்

2006 ஆகஸ்டு, முதல் ஞாயிறு.

காலை ஆராதனையில் எங்கள் வரிசையில் இருந்தவர்கள்: ஓரத்தில் என் மகள் ஷீபா, அடுத்து நான், தாமதமாக வந்து என் பக்கத்தில் இடம் பிடித்த மெர்சி அக்கா.

ஷீபாவுக்கு வலிப்பு வரும் என்று பல்லாவரம் மாப்பிள்ளை வீட்டில் சொல்லிக் கெடுத்தது இந்த அக்காதான். குழந்தையாக இருந்தபோது காய்ச்சலோடு ஒரே ஒரு முறை வந்தது, அவ்வளவுதான். போன வாரம் அவர்கள் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள்.

திருவிருந்தில் அப்பம் வாங்குவதற்கு முன் ஆயர் பீடத்திலிருந்து அனுப்பும் 'சமாதானம்' வாழ்த்து கைக்குக் கை மாறி வந்தது. ஷீபா என் கைகளைப் பிடித்து எனக்குக் கொடுத்தாள். நான் அக்கா பக்கம் திரும்பாமல் வேதாகமத்தை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

"என்ன எஸ்தர், சமாதானம் குடுக்க மாட்டியா? எல்லாரும் பாக்குறாங்க."

"பல்லாவரத்துல போய் வாங்கிக்கோங்கக்கா."

அவள் முகம் சுண்டிப்போனது. எனக்கு இனித்தது. இப்போதும் இனிக்கிறது.

அதற்குள் ஷீபா என்னைத் தாண்டிக் கையை நீட்டி, "சமாதானம் ஆன்ட்டி" என்று அவள் கைகளைப் பிடித்துவிட்டாள். இருவரும் பீடத்துக்குப் போய்ப் பக்கத்தில் பக்கத்தில் முழங்கால் போட்டார்கள். அக்கா அப்பம் வாங்கியதைப் பார்க்க எனக்குப் பற்றி எரிந்தது. நான் மட்டும் பெஞ்சிலேயே இருந்துவிட்டேன். இந்த மனதோடு அப்பத்தைத் தொடப் பயம். வீட்டுக்கு வந்ததிலிருந்து ஷீபா என்னோடு பேசவில்லை.

ஆண்டவரே, முதலில் மெர்சி அக்கா பல்லாவரம் போய் உண்மையைச் சொல்லட்டும், அப்புறம் நான் கை கொடுக்கிறேன். இது தப்பா? அடுத்த திருவிருந்துக்கு முன்னால் எனக்குப் பதில் சொல்லும்.