பதினைந்துக்கு முன்னால் ஒரு கோடு

ஐப்பசி, செவ்வாய் இரவு

இன்று குப்பத்துப் பெண்கள் மீன் வைக்கும் குளிர் அறையில், சூட்டை அளந்து பதிவு செய்யும் டேட்டா லாகரைப் பொருத்தினேன். பெட்டி வெளிச்சுவரில் இருக்கிறது, சென்சார் ஒயர் உள்ளே போகிறது. உள்ளே மைனஸ் பதினைந்துக்கு மேல் சூடு ஏறினால் அலாரம் அடிக்க வேண்டும். எண்களை மூன்று முறை சரிபார்த்தேன். சாவி வைத்திருக்கும் தேசம்மாள் சிரித்தாள். "இன்னா சார், பரீட்சையா எழுதிகினு கீற?"

வீட்டுக்கு வந்து நோட்டைப் பார்த்தால் "மேல் எல்லை 15" என்று எழுதியிருக்கிறேன். கழித்தல் குறி இல்லை. பெட்டியிலும் அப்படியே போட்டிருந்தால், அத்தனை பேர் மீனும் உருகிக் கெட்ட பிறகுதான் அலாரம் அடிக்கும். முப்பது வருடம் கணக்கு வாத்தியாராக இருந்தவன் நான். போன் செய்யக் கூச்சமாக இருந்தது. ஒன்பது மணிக்குத் தேசம்மாளுக்குச் செய்தேன். அவள் வீடு அறைக்குப் பின்னால்தான்.

"பெட்டியில மேலே பதினஞ்சுன்னு இருக்கும். அதுக்கு முன்னாடி கோடு ஏதாவது இருக்கா, பாரும்மா."

அவள் நடந்து போகும் செருப்புச் சத்தம் கேட்டது.

"சின்னதா ஒண்ணு கீது சார். அழுக்குன்னு சாயங்காலமே தொடச்சேன், போவல."

நோட்டிலும் அந்தக் கோட்டைப் போட்டுவிட்டேன். கொஞ்சம் அழுத்தியே போட்டேன்.