வெயிலுக்கு முதுகு காட்டி

இன்று காலை களம்பூரிலிருந்து கல்யாணச் சேலை எடுக்க வந்த ஓர் அம்மா, அரக்குச் சேலை ஒன்றை மடியில் போட்டுத் தடவிப் பார்த்துவிட்டு, "இத்த வெளிச்சத்துல காட்டுங்க" என்றார். நான் சேலையோடு எழுந்தேன். பூட்டிக் கிடக்கும் உன் கடை ஷட்டரை ஒட்டிப் படுத்திருந்த பார்ட்டியும் எழுந்தது. முன்கால் மடங்கிச் சரிந்தது, மறுபடியும் எழுந்தது. உனக்கு எழுத வேண்டும் என்று அப்போதே தோன்றிவிட்டது.

அந்த நாய்க்குப் பெயர் வைத்தவன் நீ. "தெனம் மொத ஆளா வருது, எல்லாத்தையும் பாக்குது, ஒண்ணும் எடுக்க மாட்டேங்குது. பார்ட்டின்னே கூப்புடுவோம்" என்றாய். சேலை எடுக்க வருகிறவர்களை நாம் அப்படித்தானே சொல்வது. ஒரே முதலாளியிடம் மூட்டை தூக்கி, பிறகு ஆரணியில் அடுத்தடுத்துக் கடை போட்டவர்கள் நாம். வியாபாரத்தில் உனக்கு நான் போட்டி, எனக்கு நீ. நாய் மட்டும் இரண்டு கடைக்கும் பொது. டியூப்லைட்டில் அரக்கு, அரக்காகத் தெரியாது. நிறம் தெரிய வெயிலுக்குத்தான் போக வேண்டும். யார் சேலையை எடுத்துக்கொண்டு தெருவில் இறங்கினாலும் அது பின்னாலேயே வந்து, அண்ணாந்து பார்த்து நிற்கும். அதைப் பார்த்துச் சிரித்தவர்கள் பெரும்பாலும் வாங்கிக்கொண்டுதான் போனார்கள்.

மூக்குத் தண்டில் சின்னச் சீழ்க் கொப்புளங்களாகத் தொடங்கியது. உடைந்து, மஞ்சளாகப் பொருக்குத் தட்டியது. பிறகு காது, கண்ணோரம், கழுத்து, பாதம். சொறி என்றார்கள். ஊசி போட்டோம், வேப்பெண்ணெய் தடவினோம். சாயத் தண்ணீரில் புரண்டிருக்கும் என்று யாரோ சொல்ல, நீ சாயப்பட்டறைக்காரரிடம் போய்ச் சண்டை போட்டுவிட்டு வந்தாய். கல்யாணத்துக்கு எடுக்க வந்தவர்கள் வாசலில் அதன் முகத்தைப் பார்த்ததும் செருப்பைக் கழற்றாமலே திரும்பினார்கள்.

"யோவ், தொரத்தி வுடுயா. ரெண்டு கடையும் ஈ ஓட்டிகினு கீது" என்றேன்.

"உன் மூஞ்சப் பாத்துதான் போறாங்கன்னு நான் நெனச்சிகினு இருந்தேன்" என்றாய்.

வேலூரில் ஒரு டாக்டரம்மாவிடம் வேனில் கொண்டு போனோம். தோலில் ஒரு பொட்டு அறுத்துச் சோதனைக்கு அனுப்பினார். முடிவு வந்த பிறகு நம்மை உட்கார வைத்துப் பொறுமையாகச் சொன்னார். "தோல்ல ஒவ்வொரு செல்லும் பக்கத்து செல்லப் பிடிச்சுக்கிட்டிருக்கும். நோய் வராம காக்கற சக்தி இருக்குல்ல, அதுவே அந்தப் பிடிப்ப எதிரின்னு நெனச்சு அறுக்குது. மத்தவங்களுக்கு ஒட்டாது. முழுசா குணமும் ஆகாது. மாத்திரையில கட்டுப்படுத்தலாம். வெயில் படாம பாத்துக்குங்க."

"யார் மேல தப்பு மேடம்?" என்று கேட்டாய்.

"யார் மேலயும் இல்லைங்க."

திரும்பி ஊருக்குள் நுழையும்போது, "சேலையில பாவும் ஊடையும் தானா கழண்டுகினா எவன்கிட்ட போயி சண்ட போடுறது?" என்றாய்.

மாத்திரைக்குக் கேட்டது. பொருக்கு உதிர்ந்து முடி வளர்ந்தது. அகோரப் பசி வேறு. நீ சோற்றுப் பொட்டலம் பிரிப்பதற்குள் மடியில் ஏறும். அளவைக் குறைத்ததும் எல்லாம் திரும்பி வந்தது. கட்டிப் போடலாம் என்றால் கழுத்துப் பட்டை உரசி ரத்தம் வந்தது. பின்னாலேயே வெயிலுக்கு வந்துவிடுமே என்று நீ சேலையை வெளியே கொண்டுபோய்க் காட்டுவதையே நிறுத்திவிட்டாய். இந்த ஊரில் அப்படி ஒரு கடை நடக்குமா? "வெளிச்சத்துல காட்ட மாட்டேங்கறான், சாயத்துல இன்னாவோ கீது" என்று உன் பார்ட்டிகள் என் கடைக்கு ஏறினார்கள். விற்றேன். அது வியாபாரம். நீயும் ஒரு சொல் கேட்கவில்லை.

ஆனால் நான் சேலையை வெளியே எடுத்தால் அது என் பின்னால் வருமே. நீ உன் கடையிலிருந்து இறங்கி வந்து, வெயிலுக்கு முதுகு காட்டி நிற்பாய். அகலமான ஆள் நீ. நாய் முழுக்க உன் நிழலுக்குள் அடங்கிவிடும். உன் கையை விட்டுப் போன பார்ட்டிக்கு நான் சேலை விற்று முடிக்கும்வரை அசையமாட்டாய்.

"நான் நின்னுக்கறேன், நீ போயி உன் கடையப் பாருயா" என்றேன் ஒருநாள்.

"உன் நெழலு அதுக்கு மூக்குக்குத்தான் காணும். ஜல்தி வித்துட்டு உள்ள போ."

போன ஆடியில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உன் கடைப் பாயிலேயே சாய்ந்தாய். பெங்களூரிலிருந்து வந்த உன் மகன் காரியம் முடித்து ஷட்டரை இழுத்துப் பூட்டினான். மாத்திரைப் பையை என் கையில் கொடுத்தான்.

நான் ஒழுங்காகத்தான் கொடுத்தேன். மருந்தை மாற்றியும் பார்த்தார்கள். இப்போது எதற்கும் அடங்கவில்லை. பாதம் வெடித்து நடை தடுமாறுகிறது, மாத்திரையால் ஈரலும் கெட்டுவிட்டது. "இனி கூட்டவும் முடியாது, குறைக்கவும் முடியாது. இந்த வலியோட வெச்சிருக்கணுமான்னு நீங்கதான் சொல்லணும்" என்று டாக்டரம்மா நேற்று போனில் சொன்னார். வரச் சொல்லிவிட்டேன். இன்று சாயங்காலம் வருகிறார். நீ இருந்தால் இன்னும் ஒரு வாரம் பார்க்கலாம் என்பாய். பார்ப்பதற்கு ஒன்றும் மிச்சமில்லை.

காலையில் அந்த அம்மாவுக்குச் சேலையைத் தெருவில் விரித்தேன். பார்ட்டி தத்தித் தத்தி வந்து, அண்ணாந்து நின்றது. நான் வெயிலுக்கு முதுகைத் திருப்பினேன். நீ சொன்னது சரிதான், மூக்குக்குத்தான் கண்டது. மூக்கை மட்டுமாவது மூடட்டும் என்று நின்றேன்.

"தள்ளி நில்லுங்கண்ணா, உங்க நெழலு சேல மேல வுழுது" என்றார் அந்த அம்மா.

"இப்படியே பாருங்கம்மா" என்றேன்.

அவர் சேலையையும் நாயையும் என்னையும் பார்த்தார். எடுக்காமல் போய்விட்டார்.

நாளை பின்னால் எழுந்து வர எதுவும் இருக்காது. அடுத்த பார்ட்டி வரும், வெளிச்சத்தில் காட்டச் சொல்லும், நானும் தெருவில் இறங்குவேன். முதுகு தானாக வெயில் பக்கம் திரும்பிக்கொள்ளும். வெறும் தரையில் என் நிழல் விழுந்து கிடக்கும்.