ஓங்காரத்தின் மூன்றாம் கட்டம்

ஆரணி,
புதன்கிழமை

அன்பு மகள் காவ்யாவுக்கு அம்மா எழுதுவது. நானும் உன் அப்பாவும் நலமாக இருக்கிறோம். நீயும் ஜானும் புனே குளிரில் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

போனில் மணிக்கணக்காகப் பேசுகிற அம்மா எதற்குக் கடிதம் எழுதுகிறாள் என்று யோசிப்பாய். இதோடு ஒரு தாள் மடித்து வைத்திருக்கிறேன். அதைச் செல்போனில் படம் பிடித்து அனுப்பக் கூடாது, தாளாகவேதான் வந்து சேர வேண்டும் என்பது உன் அப்பாவின் உத்தரவு. ஆமாம், உன் அப்பாதான். உன்னைத் தெரியும் எனக்கு, இந்நேரம் கை அங்கே போயிருக்கும். முதலில் இதைப் படித்து முடி. அப்புறம் அதைப் பிரி.

இங்கே மழை விட்டபாடில்லை. பட்டுநூல் ஈரம் கட்டிக்கொள்கிறது என்று தெருவில் எல்லோரும் புலம்புகிறார்கள். உன் அப்பா வழக்கம்போல ஜவுளிக்கடை மாடியில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து பார்டர் டிசைன் போடுகிறார், வழக்கம்போல அதைத் திட்டுகிறார். சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது. வாய்தான் கட்டுக்குள் இல்லை.

நீ படம் வரைகிற அந்த டி.வி. தொடர் விஷயத்துக்கு வருகிறேன். ஒரு காம்பவுண்டில் ஐந்து குடித்தனம் அடித்துக்கொள்கிற அந்தக் கார்ட்டூனை மாடி வீட்டு சுகன்யா தவறாமல் பார்ப்பாள். ஆடி மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் இறங்கி ஓடி வந்தாள். "அங்கிள், உங்க ஓங்காரம் டி.வி.ல வர்றாருங்க!" என்றாள். உன் அப்பா சாப்பிட்ட கையோடு எழுந்து வந்தார். திரையில் யாரோ இரண்டு பேர் தண்ணீர்க் குழாய்க்குச் சண்டை போடுகிறார்கள். அவர்களுக்குப் பின்னால் சட்டைக் காலரில் குடையை மாட்டிக்கொண்டு ஒரு ஆள் நடந்து போகிறான். அவன் பின்னால் ஒற்றைக் கொம்பு ஆடு ஒன்று செய்தித்தாளைத் தின்றுகொண்டே போகிறது.

"எவனோ என் ஆட்ட ஓட்டிகினு போய்ட்டான்டி" என்று கத்தினார். சேனல்காரனைச் சும்மா விடக் கூடாது, வேலூர் பத்திரிகையில் ஓங்காரம் படக்கதையை அத்தனை வருஷம் வரைந்தது ஊருக்கே தெரியும் என்று ஒரே பேஜார். கடைசியில் பெயர்கள் ஓடின. பின்னணி ஓவியம், காவ்யா சம்பந்தம். கல்யாணத்துக்குப் பிறகும் உன் பெயருக்குப் பின்னால் அவர் பெயரே இருக்கிறது என்பது அவருக்கு அன்றுதான் தெரியும். டி.வி.யை அணைத்துவிட்டுக் கை கழுவப் போனவர் வெகுநேரம் திரும்பி வரவில்லை.

அடுத்த ஞாயிறு 'செய்தி பார்க்கப் போகிறேன்' என்று சரியாக அந்த நேரத்துக்கு வந்து உட்கார்ந்தார். அதிலிருந்து ஒரு வாரம் தவறியதில்லை. குடித்தனக்காரர்கள் என்ன பேசுகிறார்கள் என்று கேட்டால் அவருக்குத் தெரியாது. கண்ணெல்லாம் பின்னணியில்தான். ஒரு வாரம் ஓங்காரத்தின் வார் அறுந்த செருப்பு, ஒரு வாரம் அவன் வீட்டுக்காரி இடுப்பில் சாவிக்கொத்து. அந்த வீட்டுக்காரியை என்னைப் பார்த்துத்தான் வரைந்தார் என்று ஊரில் பாதிப் பேர் இன்னமும் என்னைச் சாவிக்கொத்தம்மா என்கிறார்கள். அது போதாதென்று நீயும் தமிழ்நாடு முழுக்கக் காட்டிவிட்டாய். இருக்கட்டும், ஊருக்கு வா, உன்னைக் கவனித்துக்கொள்கிறேன். அவரோ, ஆட்டுக்குத் தாடி நீளம், குடைக்கம்பி கோணல் என்று வாரா வாரம் என்னிடம் குறை சொல்வார். நேராகப் பெண்ணிடமே சொல்லுங்களேன் என்றால் எழுந்து போய்விடுவார்.

உன் கோபம் எனக்குப் புரியாமல் இல்லை. ஓங்காரம் கதை மூன்றே கட்டம், அதில் மூன்றாம் கட்டத்தில் என்றைக்கும் ஒரே படம்தான். வீட்டுக்காரி கதவைச் சாத்துவாள், அவன் வெளியே நிற்பான். ஜானை நீ கட்டிக்கொண்ட அன்று உன் அப்பா நம் வாசலில் நின்று அதே கதவைத்தான் உன் முகத்தில் சாத்தினார். இனிமேல் இந்தப் படி ஏறாதே என்றார். இரண்டு வருஷம் ஆகிறது. ஜானின் அப்பா இருதயசாமி வாத்தியார் எதிரே வந்தால் இவர் தெருவை மாற்றிக்கொள்வார். அவர் டீ குடிக்கிற கடை என்பதற்காக நல்ல டீக்கடையையே விட்டார்.

போன ஞாயிறு வந்ததுதான் விஷயம். அந்த காம்பவுண்டின் மாடிப்படிச் சுவரில் ஒன்றின்மேல் ஒன்றாக மூன்று படம் மாட்டியிருந்தாய். மேல் படத்தில் திறந்த கதவு. நடுப் படத்தில் ஒரு பெண் அந்தக் கதவின் முன்னால் நிற்கிறாள். கீழ்ப் படத்தில் அவளே பையும் குடையுமாகத் தெருவில் நடக்கிறாள். குடை மறைப்பதால் முகம் எந்தப் பக்கம் என்று தெரியவில்லை. "பாவம் ஆன்ட்டி, அந்தப் பொண்ணு வீட்ட விட்டுப் போவுது" என்றாள் சுகன்யா. எனக்கும் அப்படித்தான் பட்டது. இனி வரவே மாட்டேன் என்று சொல்கிறாய் என்றே எடுத்துக்கொண்டேன்.

உன் அப்பா மட்டும் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு டி.வி.க்குக் கிட்டே போனார். "கீழேர்ந்து படிங்க" என்றார். எங்களுக்குப் புரியவில்லை. "டிசைன்காரன் வீட்ல இருந்துகினு மேலேர்ந்து படிக்கறீங்களே. அந்தப் பொண்ணு போவல. வந்துகினு இருக்குது" என்றார்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. புடவை டிசைன் போடுகிறவர்களுக்கு கிராப் தாளில் கீழ் வரிதான் முதல் வரி. தறியில் பூ கீழிருந்துதானே எழும்பும், அதைப் பார்த்துத் தறி அட்டையில் துளை குத்துகிறவனும் அப்படியே படிப்பான். அந்தப் பழக்கத்தில் உன் அப்பா பத்திரிகைக்கு அனுப்பிய முதல் ஓங்காரத்தையும் கீழிருந்து மேலே வரைந்துவிட்டார். அவர்களும் அப்படியே அச்சடித்தார்கள். மேலிருந்து படித்தவர்களுக்கு முதலில் கதவு சாத்திக்கொண்டது, அதற்கப்புறம் அவன் கெஞ்சினான், கடைசியில் கடைத்தெருவில் நடந்து வந்தான். ஆசிரியர் கூப்பிட்டுத் தலையில் அடித்துக்கொண்டாராம். அதன் பிறகு பத்திரிகைக்கு மேலிருந்து வரைந்தார். உன்னை மடியில் வைத்து வரைந்து காட்டும்போது மட்டும் கீழிருந்துதான். அது உங்கள் இருவருக்குள் இருந்த கணக்கு. நீ யாருக்குச் சொன்னாயோ அவருக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது.

அன்று சாப்பிடும்போது, "அந்தப் பையன் கண்ணாடி போட்டுக்குவானா?" என்று கேட்டார். எந்தப் பையன் என்று நான் கேட்கவில்லை. போடுவார் என்றேன். "வட்டமா, சதுரமா?" என்றார். சதுரம் என்றேன். அவர் கேட்காமலே இன்னொரு கரண்டி சோறு போட்டேன். சந்தோஷத்தில்தான்.

திங்கட்கிழமை தச்சரைக் கூட்டி வந்தார். மழையில் ஊறி இழுக்க வராமல் கிடந்த வாசல் கதவை இழைக்கச் சொன்னார். நான் எத்தனை நாளாகச் சொன்னது! நேற்று சலவைச் சட்டை போட்டுக்கொண்டு கிளம்பினார். எங்கே என்று சொல்லவில்லை. உன் விலாசம் கேட்க இருதயசாமி வாத்தியார் வீட்டுக்குப் போயிருக்கிறார். என்னிடம் விலாசம் இருப்பது அவருக்கு நன்றாகத் தெரியும். திரும்பி வந்து, "அந்த அமலியம்மா காப்பில சர்க்கர ஜாஸ்தி" என்று உன் மாமியாரைக் குறை சொன்னார். குடித்திருக்கிறார் என்று தெரிந்துகொண்டேன்.

பொங்கலுக்கு உனக்கு லீவு உண்டா என்று நான் கேட்கப் போவதில்லை. வேலை எப்படியோ, ஜானுக்கு எப்படியோ. ஆனால் புதிதாக இழைத்த கதவு, ஒரு விரலால் தள்ளினால் போதும்.

நீங்கள் இருவரும் ரேணுகாம்பாள் அருளால் தீர்க்காயுசாக இருக்க வேண்டும். இப்போது அப்பா வரைந்த அந்தத் தாளைப் பிரி. மேலிருந்து பார்த்தால் கண்ணாடி போட்ட ஒருவனும் ஒரு பெண்ணும் ஆட்டைக் கூட்டிக்கொண்டு வீட்டை விட்டுப் போவது போல இருக்கும். பயந்துவிடாதே, கண்ணு. கீழிருந்து படி.

உன் அம்மா,
பரிமளா