பெயர் வெட்டிய டம்ளர்கள்

அன்புள்ள அப்பாவுக்கு,

நிரஞ்சனாவின் வணக்கம். முட்டிவலி புதுத் தைலத்துக்குக் கேட்கிறதா? அம்மாவை மாடிப்படி ஏற விடாதீர்கள்.

இங்கே சிங்கப்பூரில், ஆங் மோ கியோ பக்கம் ஒரு புது ஸ்டார்ட்-அப் என்னைத் தொழில்நுட்பத் தலைவராக எடுத்திருக்கிறது, பகுதிநேரமாகத்தான். முழுநேர ஆள் அவர்களுக்குக் கட்டுப்படியாகாது. இதோடு எனக்கு மூன்று அலுவலகம். மரியாதைக்கு ஒன்றும் குறைவில்லை.

தீபாவளிக்கு முந்தின நாள் ஒரு வேடிக்கை. மூன்று அலுவலகத்திலும் விருந்து. அன்று எனக்கு எங்கும் வேலை நாள் இல்லை, ஒருவரும் கூப்பிடவில்லை. புது இடத்தின் முதலாளி தாரணி பிறகு, "மத்த ஆபீஸ்ல சாப்பிட்டிருப்பீங்கன்னு நினைச்சிட்டேன் லா அக்கா" என்றார். மற்ற இரண்டு இடத்திலும் அதையேதான் சொன்னார்கள். சிரித்துவிட்டேன். தேக்கா சந்தையில் பிரியாணி சாப்பிட்டேன், கவலை வேண்டாம்.

ஒரு சின்ன உதவி. இங்கே எல்லோருக்கும் அலுவலகத்தில் சொந்தக் கோப்பை இருக்கிறது. எனக்கு மட்டும், விருந்தாளிக்கு வைத்திருக்கும் காகிதக் கப்பில்தான் காப்பி. சித்தப்பா வரும்போது மூன்று எவர்சில்வர் டம்ளர் கொடுத்தனுப்புங்கள். டம்ளர் தேக்காவிலும் கிடைக்கும். பெயர் வெட்டித் தர எனக்கு யாரையும் தெரியாது. நம் ஊர்ப் பாத்திரக் கடையில், சொல்லாவிட்டால் 'நி' என்று மட்டும் வெட்டிவிடுவார்கள். நிரஞ்சனா என்று முழுப் பெயரும் வேண்டும்.

மீட்டிங்குக்குக் கூப்பிடுகிறார்கள், எந்த அலுவலகம் என்று பார்த்துவிட்டு ஓடுகிறேன். எத்தனை தேய்த்தாலும் போகாதபடி ஆழமாக வெட்டச் சொல்லுங்கள், அப்பா.

உங்கள்
நிரஞ்சனா