ஒட்டாம வச்ச தலை

தூக்கிப் போட முடியாதுடா, உடைக்கவும் முடியாது. நீ அங்கேயிருந்து தொண்டை கிழியக் கத்துனா இங்கே மேஜை மேல இருக்கிற பிளாஸ்டிக் பட்டாளத்து டாங்கி நொறுங்கிடுமா? அது என் சாமானும் இல்லை, உன் சாமானும் இல்லை. உன்கூடப் பட்டாளத்துல இருந்தானே சுண்டெலி, அவன் அம்மா வாங்கிக் குடுத்தது, சேர்த்து முடிச்சதும் அவங்ககிட்ட குடுக்கணும். ஃபோன்னா நீ பாதியில வச்சிடுவே, கடுதாசியை அப்படி வைக்க முடியாது பாரு, அதான் உங்கம்மாவை உட்கார வச்சு எழுதச் சொல்றேன். என் படிப்புதான் உனக்குத் தெரியுமே, அஞ்சாங்கிளாஸோட போதும்ப்பா சாமின்னு வாத்தியாரே கும்பிட்டு அனுப்பிட்டார். எடுத்த எடுப்புல சண்டையா, முறையா ஆரம்பிங்கன்னு உங்கம்மா எழுதாம உட்கார்ந்திருக்கா, சரி எழுதிக்கோ: நாங்க ரெண்டு பேரும் இன்னைக்குக் காலை வரைக்கும் உயிரோட, ஒருத்தரை ஒருத்தர் திட்டிக்கிட்டு, நல்லாவே இருக்கோம். நீ அந்தக் குளிர்க் கிடங்குல மீன் பெட்டிகளுக்கு நடுவுல உறைஞ்சு போகாம இருக்கியான்னு ரெண்டு வரி போடு. போதுமாம், மேல சொல்லுங்கறா. என் முட்டி மழை வர்றதுக்கு முன்னாலயே சொல்லிடுது, ரேடியோவை விட நம்பகம். உங்கம்மாவுக்கு ரத்தக் கொதிப்பு மாத்திரையை மாத்தியிருக்காங்க, கொதிப்பு குறைஞ்சிருக்கு, கோபம் குறையலை. இதையும் எழுதுறா பாரு, பல்லைக் கடிச்சுக்கிட்டு.

விஷயத்துக்கு வர்றேன். போன மாசம் சுண்டெலியோட அம்மா வந்தாங்க, தையல் மெஷின்ல இருந்து எழுந்து நேரா வந்த மாதிரி, சேலையெல்லாம் நூல் துண்டு ஒட்டிக்கிட்டு. கையில ஒரு அட்டைப் பெட்டி. பொம்மைக் கடைக் கண்ணாடிக்குள்ள பார்த்தாங்களாம், பெட்டி மேல போட்டிருந்த படம், சுண்டெலி முன்னால நின்னு பல்லைக் காட்டிக்கிட்டு ஒரு ஃபோட்டோ அனுப்பினானே, அதுல இருக்கிற அதே டாங்கி. அண்ணே, நீங்க பஸ் டிப்போவுல முப்பத்தாறு வருஷம் ஃபிட்டரா இருந்தவர், இதைச் சேர்த்துக் குடுங்க, எம்புள்ளை எங்கே உட்கார்ந்திருந்தான்னு நான் பார்க்கணும்னாங்க. நான் சும்மா இருக்கக் கூடாதா, இதுல கண்டக்டர் எங்கேம்மா நிப்பான்னு கேட்டேன். அவங்க சிரிக்கலை. எனக்கு வாயெல்லாம் கசந்து போச்சு. பட்டாளத்துல இருந்து அவனை வச்சு அனுப்பின பெட்டியை அவங்களைத் திறக்க விடலைன்னு உனக்குத் தெரியும். டாங்கிக்குள்ள இருந்த நாலு பேர்ல மூணு பேர் வெளியே வந்துட்டீங்க, வண்டி ஓட்டின அவன் மட்டும் ஏன் வரலைன்னு அவங்களுக்கு யாரும் சொல்லலை, நீயும் சொல்லலை. ரெண்டு வருஷமா அவங்க தெரு முனையில திரும்பினா நம்ம வீட்டுப் பக்கம் பார்க்காமத்தான் போவாங்க, அன்னைக்குத்தான் உள்ளே வந்தாங்க. அவன் போன நாள் அடுத்த மாசம் வருதில்லையா, அன்னைக்கு வந்து வாங்கிக்கிறேன்னு சொல்லிட்டுத் தண்ணி கூடக் குடிக்காமப் போயிட்டாங்க.

எண்ணூத்திச் சொச்சம் துண்டுடா. சட்டம் சட்டமா, கொடியில காய் தொங்குற மாதிரி தொங்குது, ஒவ்வொண்ணா நறுக்கி, ராவி, இடுக்கியால பிடிச்சு ஒட்டணும். அடியில ஓடுற செயின் இருக்கே, ஒரு பக்கத்துக்கு மட்டும் தொண்ணூத்தாறு கண்ணி, ஒவ்வொண்ணும் எறும்பு தூக்கிட்டுப் போற சைஸு. அதுல ஒண்ணு இடுக்கியில இருந்து தெறிச்சு ஓடிடுச்சு, உங்கம்மா கூட்டிப் பெருக்கி வெளியே தள்ளிட்டா, நான் ரெண்டு நாள் குப்பையைக் கிளறினேன். கட்டின பொண்டாட்டிக்கு ஒரு நாளாவது தலை வாரி விட்டிருக்கீங்களா, இந்தச் சனியனுக்குப் பூதக்கண்ணாடி வச்சுச் சீவி விடுறீங்களேங்கறா. பெட்டிக்குள்ள ஒரு டிரைவர் பொம்மையும் இருந்தது, இடுப்புக்கு மேல மட்டும். அதுக்கு மீசை வச்சிருக்கானுங்க. சுண்டெலிக்கு ஏதுடா மீசை, கண்ணாடி முன்னால நின்னு தடவித் தடவிப் பார்த்து ஏமாந்தவனாச்சே. பிளேடால சீவி எடுத்துட்டேன். அன்னைக்கு முழுக்க வேற வேலை ஓடலை.

இப்போ நீ கேட்டதுக்கு வர்றேன். போன வாரம் ஃபோன்ல உங்கம்மா இதைப் பத்தி உளறிட்டா, நான் ரிசீவரை வாங்கினேன். நீ ஒரே ஒரு கேள்வி கேட்டே. அதோட தலை, அதான் பீரங்கிக் குழாய் வச்ச மேல் பாகம், திரும்புதான்னு. திரும்புதுன்னேன். அப்புறம்தான் கத்த ஆரம்பிச்சே, ஒட்டிடு, ஆடாம ஒட்டிடு, இல்லேன்னா உடைச்சுப் போடுன்னு. டேய், பொம்மை டாங்கின்னா எம்மாம் பெருசுன்னு கேட்பான், என்ன கலருன்னு கேட்பான். தலை திரும்புதான்னு ஏன் கேட்கணும்? நாய் வாலை நிமிர்த்தினாலும் ஃபிட்டர் புத்தியை நிமிர்த்த முடியாது. டிப்போவுல வண்டியை வெளியே விடுறதுக்கு முன்னால ஸ்டியரிங்கை ரெண்டு பக்கமும் முழுசா ஒடிச்சு வச்சுப் பார்ப்போம், நேரா இருக்கும்போது இடிக்காதது ஒடிச்சா இடிக்கும். அதே மாதிரி பார்த்தேன். பீரங்கிக் குழாய் நேரா இருந்தா டிரைவர் தலைக்கு மேல இருக்கிற மூடி முழுசாத் திறக்குது. வலப்பக்கம் திருப்பினேன், திறக்குது. இடப்பக்கம் கொஞ்சூண்டு திருப்பினேன். மூடி எழும்பி, குழாய்க்கு அடியில முட்டி நின்னுடுச்சு. என் சுண்டுவிரல் நகம் நுழைய இடம் இல்லை. பொம்மை செஞ்சவன் தப்புப் பண்ணியிருப்பான்னு எனக்கு நானே சொல்லிக்கிட்டேன். கூட வந்த தாள்ல நிஜ டாங்கி படம் போட்டு விவரம் எழுதியிருந்தது, உங்கம்மாவை வாசிக்கச் சொன்னா தெரிஞ்சிடுமேன்னு நானே எழுத்துக் கூட்டிப் படிச்சேன், அரை நாள் ஆச்சு. நிஜத்துலயும் அப்படித்தான். அந்தத் தலையைத் திருப்புற வேலை உன்னோடது.

உங்கம்மா நிறுத்திட்டு என்னைப் பார்க்கிறா. எழுதுடி, இன்னும் முடியலை. இடப்பக்கத்துல இருந்து சுட்டிருக்கானுங்க, நீ அந்தப் பக்கம் திருப்பியிருக்கே. அதுக்குத்தானே உன்னை அங்கே உட்கார வச்சது, வேடிக்கை பார்க்கவா. அடி விழுந்து தீப்பிடிச்சதும் கரண்ட் போயிருக்கும், தலை அங்கேயே நின்னிருக்கும், அவன் கீழே இருந்து மூடியை முட்டியிருப்பான். அந்தச் சத்தம்தான் உனக்கு இன்னும் கேட்குதுன்னு நினைக்கிறேன். ஆனா ஆஸ்பத்திரியில உன்னைப் பார்த்தப்போ உடம்புல அங்கங்கே லேசாத்தான் சுட்டிருந்தது, வலது உள்ளங்கை மட்டும் எலும்பு தெரிய வெந்திருந்தது. தப்பிச்சு ஓடுறவன் சூட்டைத் தொட்டா கையை உதறிடுவான், இவன் எதையோ பிடிச்சுக்கிட்டு விடவே இல்லைன்னு டாக்டர் சொன்னார். உங்கம்மா ஏணியைப் பிடிச்சிருப்பான்னு சொல்லிக்கிட்டுத் திரியுறா. ஏணி இல்லைடி. கரண்ட் இல்லேன்னா தலையைத் திருப்ப ஒரு கைச்சக்கரம் இருக்கு, தாள்ல படம் போட்டிருக்கு. கொதிக்கிற இரும்பைப் பிடிச்சு இவன் சுத்தியிருக்கான், குழாயை நகர்த்தி அவன் மூடியைத் திறக்க விட. எத்தனை சுத்து சுத்தினேன்னு நான் கேட்கலை. பத்தலை, அவ்வளவுதான்.

அதனால இப்போ என் பாடு இது. பசை டியூப் மேஜை மேல இருக்கு. ரெண்டு சொட்டு விட்டாப் போதும், குழாய் நேரா நிக்கும், மூடி திறந்தே இருக்கும். அந்தம்மா ஃபோட்டோ பக்கத்துல வச்சுக்குவாங்க, ஒண்ணும் தெரியாது. முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைச்ச மாதிரி ஆகும், அதோட உன் உள்ளங்கையும் சேர்ந்து மறைஞ்சு போகும். ஒட்டாமக் குடுத்தா அவங்க கையே ஒரு நாள் திருப்பிப் பார்க்கும், பார்த்தா உன் மேல மண்ணை வாரித் தூத்தலாம், தூத்தாமலும் போகலாம், பெத்த வயிறு, நான் என்னத்தைக் கண்டேன். உடைச்சுப் போடுன்னு சொல்ற உரிமை உனக்கு இல்லை, ஆனா ஒட்டலாமா வேண்டாமான்னு சொல்ற உரிமை உனக்குத்தான் இருக்கு, அதைத்தான் இப்போ உன்கிட்ட கே

இது என் கையெழுத்து. கோழி கிளறினது மாதிரி இருக்கும், கூட்டிப் படி. உங்கம்மா எந்திரிச்சுப் போயிட்டா. கேட்டு முடிக்க விடலை. டாங்கியை ரெண்டு கையிலயும் தூக்கிக்கிட்டா. அது ஒட்டலைடி தலை கழண்டுக்கும்னு கத்துனேன். ஒரு கையால தலையைப் பொத்திக்கிட்டுத் திரும்பிப் பார்க்காமப் போறா. தையல்கார அம்மா வீட்டுப் பக்கம்தான் போறா. என் முட்டியை வச்சுக்கிட்டு அவளைப் பிடிக்க முடியாது. இது உனக்கு வர்றதுக்குள்ள அந்தம்மா உன்னைக் கூப்பிட்டிருப்பாங்க. எடுத்திருந்தா நல்லது. எடுக்கலேன்னா நீயே கூப்பிடு. திட்டினா வாங்கிக்கோ. அழுதா கூட அழு. நடுவுல வச்சிடாதே. உன் கையும் காலும் நல்லா இருக்கட்டும், தூக்கம் வரட்டும் உனக்கு.

உன் அப்பன்
ஃபிட்டர்