தப்பாகப் பேசினால் கேட்கும் குரல்

என் பின்சீட்டுக்காரன் ஸ்டீவனுக்கு,

நல்லா இருக்கியா மச்சான்? செத்தவனிடம் கேட்கிற கேள்வியா இது என்று நீயே சிரிப்பாய். எனக்கு வேறு மாதிரி ஆரம்பிக்கத் தெரியவில்லை. கட்டுரை எழுதத் தெரிந்திருந்தால் நான் ஏன் பாலிடெக்னிக்கை இரண்டாவது செமஸ்டரிலேயே விட்டுவிட்டு ஓடிவரப் போகிறேன்?

முதலில் ஊர்ச் செய்தி. சிங்கப்பூர் வேலையை விட்டுவிட்டேன். நீ போன பிறகு மூன்று மாதம் பைக்கில் தனியாகப் போய் வந்து பார்த்தேன். பின்னால் ஆள் இல்லாவிட்டால் வண்டி ரொம்ப லேசாக ஓடுகிறது. எனக்குப் பிடிக்கவில்லை. அப்புறம் இரண்டு வேலை, இரண்டையும் விட்டாயிற்று. இப்போது உலு திராமில் ஒரு டயர் கடையில் இருக்கிறேன். ஐந்து மாதம் ஆகிறது, இன்னும் விடவில்லை. நம்ப மாட்டாய். கடை முதலாளி தவுக்கேயே நம்பவில்லை. தினமும் காலையில் என்னைப் பார்த்ததும் அவர் முகத்தில் ஓர் ஆச்சரியம் வரும்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். உன் குரலைத் தொலைத்துவிட்டேன்.

போன மாதம் உன் அம்மா போன் பண்ணினார்கள். நீ போய் ஒரு வருஷம் ஆகிறது, மாதா கோயிலில் பூசை வைத்திருக்கிறோம், முடிந்ததும் வீட்டில் சாப்பாடு என்று சொன்னார்கள். வருகிறேன் என்றேன். வைத்துவிடுவார்கள் என்று பார்த்தால் வைக்கவில்லை. கொஞ்ச நேரம் மிக்ஸி ஓடுகிற சத்தம் மட்டும் கேட்டது. அது நின்றதும் கேட்டார்கள்:

"தினேஷு, அவன் பேசுனதெல்லாம் ஞாபகம் இருக்குப்பா. கொரல் மட்டும் வர மாட்டேங்குது. ஒனக்கு எப்பப் பாத்தாலும் வாய்ஸ் அனுப்பிக்கிட்டே இருப்பான்ல? அன்னிக்குக் கொண்டாந்து போட்டுக் காட்டுறியா?"

"இருக்கு ஆன்ட்டி. கொண்டாறேன்" என்றேன். யோசிக்கவே இல்லை. இருக்காமல் எங்கே போகும்? நாலு வருஷம் நாள் தவறாமல் நீ அனுப்பிய வாய்ஸ்.

போனை வைத்த பிறகுதான் தேடினேன். அப்போதுதான் உறைத்தது. நீயும் நானும் பேசியதெல்லாம் என் சிங்கப்பூர் நம்பரில். வேலையை விட்டதும் அந்த நம்பருக்கு டாப்-அப் போடவில்லை, அது செத்துவிட்டது. பழைய போனையும் கடையில் கொடுத்துவிட்டுப் புதுசு வாங்கி, மலேசியா நம்பரைப் போட்டுக்கொண்டு ஜாலியாக இருந்தேன். பழைய பேச்சைத் திறக்க வேண்டுமென்றால் அந்தச் சிங்கப்பூர் நம்பருக்கு ஒரு கோட் வருமாம். செத்த நம்பருக்கு எங்கே வரும்? அக்கரைக்கு ஒன்று, இக்கரைக்கு ஒன்று என்று இரண்டு சிம் வைத்துத் திரிகிற ஜொகூர்க்காரன் மட்டும் செய்யக்கூடிய முட்டாள்தனம் இது.

உன்னைத் திட்டவும் ஒரு காரணம் இருக்கிறது. உன் வீட்டில் யாரிடமும் உன் குரல் இல்லை. ஒரே வீட்டில் இருக்கிறவர்களுக்கு யார் வாய்ஸ் அனுப்புவார்கள்? வீடியோ எடுத்தவன் எல்லா இடத்திலும் நீதான். அதனால் படத்தில் எங்கள் மூஞ்சி இருக்கிறது, ஓரத்தில் உன் விரல் இருக்கிறது. எடுக்கும்போது மட்டும் நீ வாயைத் திறக்க மாட்டாய். உன் போனாவது திறக்குமா என்றால், நம்பர் தெரியாமல் உன் பிறந்தநாள், அம்மா பிறந்தநாள், வண்டி நம்பர் எல்லாம் போட்டுப் பார்த்து அது மொத்தமாகப் பூட்டிக்கொண்டது. அப்படி என்ன ரகசியம் மச்சான் அதில்?

கண்ணை மூடி மண்டைக்குள் கேட்டுப் பார்த்தேன். நீ சொன்னதெல்லாம் வருகிறது. டெலிவரி லாரியை நீ எங்கோ நிறுத்திவிட்டு இருவரும் தேடியது வருகிறது, அப்போது நீ சொன்ன வார்த்தைகூட வருகிறது. ஆனால் எல்லாம் என் குரலில் வருகிறது. நீ வாயசைக்கிறாய், நான் பேசுகிறேன். பயந்துபோய்விட்டேன்.

உன் தங்கச்சி ஷீலாவுக்குப் போன் போட்டேன். அவள்தான் இப்போது ஜொகூர் பாருவில் சைக்காலஜி படிக்கிறாளே. வாய்ஸ் தொலைந்ததைச் சொல்லவில்லை, சும்மா கேட்கிற மாதிரி கேட்டேன். ஆள் செத்து ஒரு வருஷத்தில் குரல் எப்படி மறக்கும், நான் என்ன கிழவனா என்றேன். அவள் சிரித்தாள். எல்லாருக்கும் அப்படித்தான், முகத்துக்குப் போட்டோ இருக்கிறது, குரலுக்கு ஒன்றும் இல்லை என்றாள்.

"மூள ஒன்னும் ரெக்கார்டர் இல்லண்ணே. அண்ணன் என்ன சொன்னான்ங்கறத எடுத்து வச்சுக்கும். எப்படிச் சொன்னான்ங்கறத கழட்டிப் போட்டுரும். அது வேணும்னு அதுக்குத் தெரியாதுல்ல."

எனக்குப் புரிந்தது. நாசி லெமாக் வாங்கினால் சோற்றைத் தின்றுவிட்டு இலையைத் தூக்கிப் போடுகிற மாதிரி. எனக்கு இலைதான் வேண்டும் மச்சான்.

இன்னொன்றும் சொன்னாள். ஒரு விஷயத்தை நினைக்கிற ஒவ்வொரு தடவையும் மூளை அதைப் புதிதாகக் கட்டுகிறதாம். பழையதை அப்படியே எடுத்துத் தருவதில்லையாம். அப்படியென்றால் குற்றவாளி நான்தான். உன் கதைகளை டயர் கடையில், சாப்பாட்டுக் கடையில், பார்க்கிறவனிடமெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன். உன்னை மறக்கக் கூடாது என்றுதான் சொன்னேன். சொல்லிச் சொல்லி உன் குரல்மேல் என் குரலைப் பூசிவிட்டேன் போல.

மறதியை முழுசாகத் திட்டவும் மனசு வரவில்லை. டெங்கி வந்து நீ கிடந்த அந்த வார்டில் ஒரு மிஷின் ஓயாமல் கத்திக்கொண்டே இருந்ததே, அந்தச் சத்தமும் இப்போது எனக்கு வருவதில்லை. முதல் மாதமெல்லாம் அது காதுக்குள்ளேயே குடியிருந்தது. அது போனது நிம்மதி. ஆனால் கூட்டிப் பெருக்கும்போது இரண்டையும் சேர்த்தா அள்ளிக்கொண்டு போக வேண்டும்?

பழகிய இடத்துக்குப் போனால் சில நேரம் திரும்ப வரும் என்று ஷீலா சொன்னதால், லீவு நாளில் விடிகாலையில் எழுந்து பாஸ்போர்ட்டை எடுத்துக்கொண்டு, சிங்கப்பூருக்கு நாம் தினமும் தாண்டுகிற காஸ்வே பாலத்துக்குப் போனேன். வேலை இல்லை, ஒன்றும் இல்லை, சும்மா. அதே நெரிசல். பக்கத்திலேயே புது ரயில்பாதை கட்டி வருகிறார்கள், நீ பார்த்தால் அது யாரால் லேட் ஆகிறது என்று ஒரு மணி நேரம் பேசுவாய். வண்டியோடு வண்டி இடித்துக்கொண்டு நகரும்போது நிறைய வந்தது. உன் தைல வாசனை வந்தது. குளிருக்கு என் ஜாக்கெட் பாக்கெட்டுக்குள் கையை விட்டுக்கொள்வாயே, அந்த இடத்தில் இடுப்பே கனத்தது. குரல் வரவில்லை. அந்தப் பக்கம் போய் வண்டியைத் திருப்பி, வந்த வழியே வந்துவிட்டேன். காலைப் பசியாறலுக்கு முன்னால் ஒரு வெளிநாட்டுப் பயணம்.

பூசை நாள் வந்தது. சாமியார் உன் பெயரைச் சரியாகவே சொன்னார். வீட்டில் ஜெபம் சொல்லி, எல்லாரும் சாப்பிட்டார்கள். ஆன்ட்டி கோழிப் பெரட்டல் வைத்திருந்தார்கள், இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டேன். மனசு சரியில்லாதபோது நான் நிறையச் சாப்பிடுவேன், உனக்குத் தெரியும். அப்புறம் யாரும் கேட்காமலேயே நாற்காலிகளை அடுக்கினேன், கூடாரத்துக்காரனுக்குக் கம்பி தூக்கினேன், வாசலைக் கூட்டினேன். உள்ளே மட்டும் போகவில்லை.

சொந்தக்காரர்கள் கிளம்பியதும் ஆன்ட்டி வாசலுக்கு வந்து விளக்குமாற்றைப் பிடுங்கிக்கொண்டார்கள்.

"போதும்லா கூட்டுனது. உள்ள வா. எல்லாம் உக்காந்துருக்கோம்."

ஹாலில் மூன்று பேர். ஆன்ட்டி சோபா நுனியில், ஷீலா தரையில், உன் அப்பா ஜன்னலோர நாற்காலியில் வழக்கம்போல வாயைத் திறக்காமல். நீ போனதிலிருந்து அங்கிள் உன்னைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை என்று ஷீலா சொல்லியிருந்தாள். யாராவது உன் பெயரை எடுத்தால் எழுந்து போய்க் காரைக் கழுவுவாராம். ஆன்ட்டி டிவியை அணைத்துவிட்டு, என் கையிலிருந்த போனையே பார்த்தார்கள்.

எனக்குச் சுற்றி வளைக்கத் தெரியாது. "ஆன்ட்டி, வாய்ஸ் இல்ல. எல்லாம் போச்சு. நாந்தான் தொலச்சேன்" என்று சொல்லிவிட்டேன். சிங்கப்பூர் நம்பர் கதையையும் தலைகுனிந்து சொல்லி முடித்தேன்.

யாரும் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஆன்ட்டி ஒரு தடவை தலையை ஆட்டிவிட்டு, மடியில் கையை வைத்து, விரித்த விரல்களைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். அதைப் பார்க்க முடியாமல்தான் நான் வாயைத் திறந்தேன். கேட் முன்னாடி அரை மணி நேரமாக நிற்கிறேன் என்று குளியலறையிலிருந்து எனக்கு ஒரு வாய்ஸ் அனுப்புவாயே, பின்னால் தண்ணீர் கொட்டுகிற சத்தத்தோடு? அதை உன்னை மாதிரியே பேசிக் காட்டினேன்.

"டேய் எங்கடா இருக்க? அர மணி நேரமா கேட்டு முன்னாடி நிக்கிறேன்டா."

ஆன்ட்டி நிமிர்ந்தார்கள். "அப்படியா பேசுவான் எம்புள்ள? ஆடு கத்துற மாதிரி இருக்கு."

"ஆமாண்ணே, ரொம்ப மேல போறீங்க" என்றாள் ஷீலா. "பொய் சொல்றப்ப அவனுக்குக் கொரல் கீழ எறங்கும். மூக்குக்குள்ளேருந்து வரும்." அவள் பேசிக் காட்டினாள். அதுவும் நீ இல்லை. நான் உடனே இல்லை என்றேன், 'டா'வை இவ்வளவு சீக்கிரம் முடிக்க மாட்டான், இழுப்பான் என்றேன். ஆன்ட்டி எங்கள் இருவரையும் ஒதுக்கிவிட்டுத் தானே ஒரு தடவை பேசினார்கள். ஐம்பத்தெட்டு வயசு அம்மா, தொண்டையைச் செருமிக்கொண்டு, மகன் மாதிரி எனக்கு 'டேய்' போடுகிறார்கள். ஷீலா தரையில் உருண்டு சிரித்தாள். நானும் சிரித்தேன், ஆன்ட்டி கோபப்படுகிற மாதிரி பார்த்துவிட்டு அவர்களும் சிரித்தார்கள். கால் மணி நேரம் இதே சண்டை. அவன் முதலில் சிரித்துவிட்டுத்தான் ஜோக்கைச் சொல்வான். இல்லை, பாதியில் சிரிப்பான். 'சாப்ட்டியா'வில் 'யா' ஏறும். ஏறாது, சும்மா நீளும்.

நடுவில் ஷீலா திடீரென்று நிறுத்தினாள். "அண்ணே, நமக்கு மறந்துபோயிருந்தா இது தப்புன்னு எப்படித் தெரியுது?"

யோசித்துப் பார் மச்சான். மூன்று பேரும் உன் குரலை மறந்துவிட்டோம் என்று அழுதுகொண்டிருந்தோம். ஆனால் தப்பாக ஒரு 'டா' வந்தால் மூன்று பேரும் ஒரே நேரத்தில் கத்துகிறோம். சரியான குரல் உள்ளே எங்கோ இல்லாமல் எதோடு வைத்து ஒப்பிடுகிறோம்? எடுத்துத் தருவது ஒரு வேலை, பார்த்ததும் தெரிந்துகொள்வது வேறு வேலை, முதலாவது முதலில் பழுதாகும், இரண்டாவது ரொம்ப நாள் நிற்கும் என்று அவள் விளக்கினாள். எனக்கு விளக்கமே தேவைப்படவில்லை. பள்ளிக்கூடத்தில் நான் யார்? கட்டுரைத் தாளில் முட்டை, அப்ஜெக்டிவ் தாளில் நாலு விடையைக் கண்ணால் பார்த்துவிட்டால் போதும், சரியானதில் கோடு போட்டுவிடுவேன். உன் குரலை நாங்கள் இத்தனை நாளும் கட்டுரைக் கேள்வியாகக் கேட்டுக்கொண்டிருந்தோம்.

அப்போதுதான் ஜன்னலோரத்திலிருந்து வந்தது.

"ப்பா... கார் சாவி எங்கப்பா வச்சீங்க?"

நான் வாசலைத் திரும்பிப் பார்த்தேன். சத்தியமாகப் பார்த்தேன். நீ நிற்பாய் என்றுதான் கழுத்து திரும்பியது. ஷீலா வாயைப் பொத்திக்கொண்டாள். அங்கிள் நாற்காலியில் அப்படியே உட்கார்ந்திருந்தார், கண்கள் தரையில். மூக்கு, இழுப்பு, அந்தக் கடைசி எழுத்தில் வருகிற சின்ன அலுப்பு, ஒன்றுகூடத் தப்பவில்லை. யாரும் திருத்தவில்லை.

"அதான்" என்றார்கள் ஆன்ட்டி, மெதுவாக. அப்புறம் கண்ணைத் துடைத்துக்கொண்டு அங்கிளைப் பார்த்தார்கள். "ரெண்டு பேருக்கும் ஒரே தொண்ட. பக்கத்துலயே வச்சுக்கிட்டு ஊரெல்லாம் தேடியிருக்கேன் பாரு. நீங்களாவது வாயத் தொறந்து பேசிருக்கலாம்ல இந்த ஒரு வருஷம்?"

"நான் பேசுனா எனக்கே கேக்குதுல்ல" என்றார் அங்கிள். அதனால்தான் அவர் பேசாமல் இருந்திருக்கிறார், ஸ்டீவா. நாங்களெல்லாம் உன் குரல் வரவில்லை என்று தவித்தோம். வந்துவிடுமே என்று அவர் வாயை மூடிக்கொண்டிருந்தார்.

இன்னொரு தடவை என்று ஷீலா கெஞ்சினாள். போதும் போதும் என்று அங்கிள் எழுந்து பால் விடாத தே ஓ கலக்கப் போய்விட்டார். நாங்கள் மூன்று பேரும் அடுப்படியையே பார்த்துக்கொண்டிருந்தோம். கரண்டி சத்தம் நின்றது. உள்ளேயிருந்து, யாரையும் பார்க்காமல், உன் குரல் கேட்டது: "ம்மா, சீனி தீந்துபோச்சும்மா." ஆன்ட்டி சிரித்த சிரிப்பு பக்கத்து வீட்டுக்குக் கேட்டிருக்கும். சீனி நிஜமாகவே தீர்ந்துதான் போயிருந்தது. நான்தான் போய் வாங்கிவந்தேன்.

இப்போது என் வாக்கைக் கேட்டுக்கொள். நான் எதையும் கடைசிவரை பிடித்துக்கொண்டிருக்கிறவன் இல்லை, படிப்பு சாட்சி, வேலைகள் சாட்சி. இதை மட்டும் விட மாட்டேன். மாதத்தில் ஒரு ஞாயிறு உன் வீட்டுக்குப் போவேன். அந்த ஹாலில் உட்கார்ந்து உன்னை மாதிரிப் பேசுவேன். எவ்வளவு கேவலமாக வந்தாலும் பேசுவேன். அவர்கள் இல்லை இல்லை என்று கத்தட்டும். கத்துகிற வரைக்கும் நீ எங்கேயும் போகவில்லை. அங்கிள் பொறுக்க முடியாமல் வாயைத் திறக்கும்வரை பேசுவேன்.

உன் மச்சான்,
உன் அம்மா வீட்டு மூணாவது பிள்ளை,
தினேஷ்